கிளினிக்கல் டிரையலில் கையெழுத்துப் போடும் முன்னும் பின்னும்

புதிய மருந்தை மனிதர்களிடம் சோதித்துப் பார்க்கும் ஆய்வுதான் கிளினிக்கல் டிரையல். அதில் சேரும்போது தரும் ஒப்புதல் படிவத்தில் பெயர், வயது, முகவரி முடிந்ததும் படிப்பு, தொழில், ஆண்டு வருமானம் என்று கேட்டுக்கொண்டே போய், கடைசியில் நாமினி பெயரும் உறவும் கேட்பார்கள். அங்கே பேனா நின்றுவிடும். "எதுக்கும்மா நாமினி? அவ்வளவு ஆபத்தா?" டிரையல் அறையில், ஆய்வை ஒருங்கிணைக்கும் கோஆர்டினேட்டர்கள் காதில் அடிக்கடி விழும் கேள்வி இது. ஆய்வால் உயிர் போனால் இழப்பீடு யார் கைக்குப் போகவேண்டும் என்று முன்பே எழுதி வைப்பதற்குத்தான் அந்தக் கட்டம். இந்தியாவில் 2019-ல் வந்த புதிய மருந்துகள், மருத்துவ ஆய்வுகள் விதிகளின் படிவத்திலேயே அது இருக்கிறது. காலியாக விட்டால் பின்னால் அலையப்போவது குடும்பம்தான்.

படிவத்தோடு தகவல் தாள் ஒன்றும் தருவார்கள். அன்றைக்கே கையெழுத்துப் போடவேண்டியதில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய் விவரம் தெரிந்த ஒருவரிடம் படிக்கச் சொல்லுங்கள். புரியாத மொழியில் கொடுத்தால் தமிழ்ப் பிரதி கேளுங்கள். படிக்கத் தெரியாதவர் என்றால், ஆய்வுக் குழுவைச் சேராத ஒரு சாட்சி முன்னால் முழுவதையும் வாசித்துக் காட்டிய பிறகே கைநாட்டு வாங்கவேண்டும். எளிதில் வற்புறுத்தலுக்கு ஆளாகக்கூடியவர்களை முற்றிலும் புதிய மூலக்கூறு மருந்தின் ஆய்வில் சேர்க்கும்போது, ஒப்புதல் வாங்குவதை வீடியோவில் பதிவு செய்வார்கள். கேமராவைப் பார்த்துப் பயப்படவேண்டாம், அது உங்கள் பக்கத்து ஆதாரம். கையெழுத்தான படிவத்தின் ஒரு பிரதி உங்களுக்குச் சொந்தம். கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

சேரும் முன் இன்னொரு வேலை இருக்கிறது. மத்திய அரசின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலான ஐசிஎம்ஆர் நடத்தும் சிடிஆர்ஐ என்ற மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் அந்த ஆய்வின் பதிவு எண்ணைத் தேடிப் பாருங்கள். 2009 ஜூன் 15 முதல் பதிவு கட்டாயம், பார்ப்பதற்குக் காசில்லை. எந்தெந்த மருத்துவமனை, பொறுப்பான டாக்டர் யார், பணம் போடும் ஸ்பான்சர் யார், யாரைச் சேர்ப்பார்கள், யாரைச் சேர்க்கமாட்டார்கள் எல்லாம் அதில் இருக்கும். எண் தரத் தயங்கினாலோ, ஆய்வு மருந்துக்குப் பணம் கேட்டாலோ எழுந்து வந்துவிடலாம்.

அடுத்தது ஸ்கிரீனிங், அதாவது ஆய்வுக்கு நீங்கள் பொருந்துவீர்களா என்று பார்க்கும் பரிசோதனை. நிறையப் பேர் மனம் உடைவது இங்கேதான். சர்க்கரை நோய் ஆய்வு ஒன்றில் ரத்தச் சர்க்கரையின் மூன்று மாத சராசரி (HbA1c) ஏழரைக்கும் பத்துக்கும் இடையே இருக்கவேண்டும் என்று வரம்பு வைத்திருந்தால், பத்தரை வந்தவர் வெளியே. நோய் முற்றிவிட்டது என்று அதற்கு அர்த்தமில்லை, அந்த ஆய்வின் அளவுகோலுக்குள் வரவில்லை, அவ்வளவுதான். சில ஆய்வுகளில் மறுபடி ஸ்கிரீனிங் செய்ய இடமிருக்கும், கேட்டுப் பாருங்கள். ஒன்று முக்கியம்: ஆய்வுக்கென்று எடுக்கும் முதல் சொட்டு ரத்தம் கையெழுத்துக்குப் பிறகுதான். "வெறும் வயித்துல வந்திருக்கீங்க, ரத்தம் எடுத்துடலாம், பேப்பர் அப்புறம்" என்று யாராவது சொன்னால் அது விதிமீறல்.

எல்லாரும் மறைக்கிற விஷயம் நாட்டு மருந்து. மாத்திரைப் பட்டியல் கேட்டால் இங்கிலீஷ் மருந்தை மட்டும் சொல்வார்கள். காலையில் குடிக்கும் சிறுகுறிஞ்சான் பொடியும் வெந்தயத் தண்ணீரும் பட்டியலில் வராது. அவையும் சர்க்கரையைக் குறைக்கக்கூடியவை. குறைந்தது எதனால் என்று பிறகு யாராலும் சொல்லமுடியாது, சில நேரம் தாழ்சர்க்கரையில் கொண்டுபோய் விடும். தெருமுனை கிளினிக்கில் போட்ட வலி ஊசியையும் சொல்லுங்கள். திட்டமாட்டார்கள், எழுதிக்கொள்வார்கள்.

யாருக்கு எந்த மருந்து என்பதைக் கம்ப்யூட்டர் குலுக்கிப் போடுகிறது. இரட்டை மறைப்பு ஆய்வு என்றால் உங்களுக்கும் தெரியாது, டாக்டருக்கே தெரியாது. "எனக்கு நல்லதாப் பாத்துக் குடுங்க" என்று கேட்டுப் பயனில்லை. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் மறைப்பை உடைத்துப் பார்க்க வழி வைத்திருப்பார்கள். நீங்கள் கேட்கவேண்டிய கேள்வி வேறு: "எனக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை விழுந்தால், இப்போது சாப்பிடும் மருந்து தொடருமா?" இதற்குத் தெளிவான பதில் வராமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

பிறகு மாத்திரை எண்ணும் சடங்கு. காலி அட்டைகளைக்கூடத் திருப்பிக் கொண்டுவரச் சொல்வது ஏன் என்று எரிச்சல் வரும். கணக்கைப் பாருங்கள். 30 நாளுக்கு, தினம் 2, மொத்தம் 60. வருகை இரண்டு மூன்று நாள் தள்ளிப்போகலாம் என்று 70 கொடுத்திருப்பார்கள். முப்பதாம் நாள் 10 மீதம் வந்தால் சரி. 22 மீதம் என்றால் 12 வேளை விட்டிருக்கிறீர்கள், 80 சதவீதம்தான் சாப்பிட்டிருக்கிறீர்கள். பல ஆய்வுகளில் அதுதான் விளிம்பு. வரும் வழியில் பஸ்ஸில் உட்கார்ந்து மிச்சத்தைப் பிதுக்கி எறிந்துவிட்டு வருபவர்களும் உண்டு. மறந்ததைச் சொன்னால் ஒரு குறிப்போடு போய்விடும். மறைத்தால், வேலை செய்யும் மருந்தும் வேலை செய்யாததுபோல் தெரியும். 1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வில், வீட்டிலேயே மருந்து சாப்பிட்டவர்களிடம் திடீரென்று போய் மாத்திரை எண்ணிச் சிறுநீரும் சோதித்தார்கள். சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் படுக்காமலே காசத்தைக் குணப்படுத்தலாம் என்று உலகம் நம்பியதற்கு 193 நோயாளிகளின் அந்த ஆய்வு பெரிய காரணம்.

இடையில் உடம்புக்கு ஏதாவது வந்தால் தகவல் தாளிலுள்ள எண்ணுக்கு உடனே கூப்பிடுங்கள். வேறு ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆனாலும் சொல்லவேண்டும். உயிரிழப்பு, அட்மிஷன் போன்ற கடும் பாதிப்பு தெரிந்த 24 மணி நேரத்துக்குள் டாக்டர் அரசுக்கும் ஸ்பான்சருக்கும், ஆய்வில் சேர்பவர்களின் பாதுகாப்பைக் கவனிக்கும் நெறிமுறைக் குழுவுக்கும் அறிக்கை அனுப்பியாகவேண்டும். ஆய்வோடு தொடர்பில்லை என்று நிலைநாட்டப்படும் வரை சிகிச்சைக்கு நீங்கள் பணம் கட்டவேண்டியதில்லை. பில் நீட்டினால், தாளிலேயே எண் இருக்கும் நெறிமுறைக் குழுவுக்கு எழுதுங்கள். குறைந்தது 7 பேர் இருக்கும் அந்தக் குழுவில் பாதிப்பேராவது மருத்துவமனைக்கு வெளியிலிருந்து வருபவர்கள்.

இழப்பீட்டுக்கு வாய்ப்பாடு இருக்கிறது. அடிப்படை 8 லட்சத்தை வயதுக்கான எண்ணாலும் நோயின் தீவிரத்துக்கான எண்ணாலும் பெருக்கி 99.37-ஆல் வகுப்பார்கள். தீவிர எண் 0.5-லிருந்து 4 வரை. நோய் முற்றியவருக்கு 0.5, ஆரோக்கியமான தன்னார்வலருக்கு 4. 65 வயதுக்கான எண்ணும் 99.37 என்பதால், அந்த வயதுக்காரரின் உயிரிழப்புக்கு முன்னவர் கணக்கில் 4 லட்சம், பின்னவர் கணக்கில் 32 லட்சம். வயது குறையக் குறையத் தொகை ஏறும்.

எப்போது வேண்டுமானாலும் விலகலாம், காரணம் சொல்லவேண்டியதில்லை, வழக்கமான சிகிச்சையும் நிற்கக்கூடாது. ஆனால் சொல்லாமல் காணாமல் போகாதீர்கள். சில மருந்துகளைப் படிப்படியாகத்தான் நிறுத்தவேண்டும், கடைசியாக ஒரு பரிசோதனையும் இருக்கும். நீங்கள் சாப்பிட்டது மருந்தா, வெற்று மாத்திரையா என்று அன்றைக்குச் சொல்லமாட்டார்கள். எல்லா ஊர் நோயாளிகளும் முடித்து மறைப்பு விலகிய பிறகுதான் தெரியும். போன் நம்பர் மாறினால் கோஆர்டினேட்டரிடம் புது நம்பரைக் கொடுத்து வையுங்கள்.