ஓரத்துக் குழிகள்

சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும் அளவுக்குக் காற்றில் ஈரம் நிற்கும் புதுச்சேரியின் மே மாதத்தில், செல்களை வளர்க்கும் வெப்பப் பெட்டியான இன்குபேட்டருக்குள் இருந்த என் செல்கள் நீர் வற்றிச் செத்துக்கொண்டிருந்தன என்பதை ஒப்புக்கொள்ள எனக்கு மூன்று வாரங்கள் ஆயின.

நான் வளர்த்தவை எலிக்குட்டியின் மூளையிலிருந்து எடுத்த நரம்புச் செல்கள். இவை பெருகுவதில்லை, செத்தால் ஈடு செய்ய வேறு செல் வராது. சிறு குழிகள் கொண்ட வளர்ப்புத் தட்டான பிளேட்டின் பாலிஸ்டைரின் பிளாஸ்டிக் பரப்பில் இவை தாமாக ஒட்டுவதுமில்லை. அதனால் நேர்மின்னேற்றம் கொண்ட பாலி-டி-லைசின் என்ற பொருளை முதலில் பூச வேண்டும். மிச்சம் நின்றால் அதுவே நஞ்சாகும் என்பதால் பலமுறை கழுவவும் வேண்டும். இதையெல்லாம் நான் சரியாகவே செய்திருந்தேன்.

96 குழிகள் கொண்ட பிளேட்டில், குழிக்கு 100 மைக்ரோலிட்டர் மீடியம், அதாவது செல்களுக்கான ஊட்டத் திரவம், விட்டிருந்தேன். அதில் 10 மைக்ரோலிட்டர் ஆவியாகிவிட்டால், மிஞ்சிய மீடியத்தில் உப்பின் செறிவு சுமார் 11 சதவீதம் கூடி, செல்களை வாட்டும். வெளியோரக் குழிகளில்தான் இது மிகுதியாக நடக்கிறது. நானோ, பலரையும் போல, மருந்து சேர்க்காத ஒப்பீட்டுக் குழிகளை முதல் நிரலில் வைத்திருந்தேன். ஓரத்தில் இருந்த அவை வாட, உள்ளே மருந்து பெற்றவை செழிக்க, மருந்து செல்களைக் காக்கிறது என்று முடிவுகட்டி வழிகாட்டியிடம் பெருமையாகச் சொல்லியும்விட்டேன் (அந்தக் காட்சியை இங்கே விவரிப்பதாக இல்லை).

ஆய்வகத்தின் மூத்த மாணவியான அக்காதான், "தண்ணீர்த் தட்டைப் பார்த்தாயா?" என்று கேட்டார். உள்ளே ஈரப்பதம் காக்க இன்குபேட்டரின் அடியில் வைக்கும் அந்தத் தட்டு ஏறக்குறைய காய்ந்திருந்தது. போதாததற்கு, ஆளாளுக்குக் கதவைத் திறந்துகொண்டிருந்தோம். 37 டிகிரி வெப்பமும் 5 சதவீதக் கார்பன் டை ஆக்சைடும் விரைவில் மீண்டுவிட்டாலும், வெளியேறிய ஈரப்பதம் திரும்ப நெடுநேரமாகும்.

அதன்பின் ஓரத்து 36 குழிகளிலும் கிருமி நீக்கிய நீரை மட்டும் நிரப்பி, உள்ளிருக்கும் 60 குழிகளில் சோதனையைத் திரும்பச் செய்தேன். செலவழித்துப் பூச்சுப் பூசிய குழிகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் தண்ணீருக்குக் கொடுப்பது மனத்தை உறுத்தத்தான் செய்தது. செல்களை விட்டதும் பிளேட்டைச் சுழற்றினால் அவை நடுவில் குவிந்துவிடும் என்பதால், முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் மட்டும் மெல்ல அசைத்து, கால் மணி நேரம் மேசையிலேயே படிய விட்டபின் உள்ளே வைத்தேன்.

மருந்தின் காக்கும் விளைவு காணாமல் போயிற்று. இப்போது திங்களும் வியாழனும் தண்ணீர்த் தட்டைப் பார்ப்பது என் பொறுப்பு.