முதலில் நீளட்டும், அப்புறம் மடங்கட்டும்

ஜூன் 3, செவ்வாய்

அம்மாவை வீட்டுக்குக் கூட்டி வந்தாயிற்று. வலது முட்டியில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை. பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "கால் மடங்குதா?" நீட்ட வருதா என்று ஒருவரும் கேட்பதில்லை.

பெரியம்மா, வலிக்கு இதமாக இருக்கட்டுமென்று முட்டிக்கு அடியில் தலையணை வைத்துவிட்டுப் போயிருந்தார். பிசியோதெரபி பெண் வந்ததும் முதல் வேலையாக அதை உருவினார். "ஆச்சி, முட்டிக்குக் கீழ எதுவும் வேண்டாம். குதிகாலுக்குக் கீழ துண்டைச் சுருட்டி வைங்க." வைத்தோம். காலின் எடையிலேயே முட்டி மெல்லத் தாழ்ந்தது. அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தார்.

காரணம் கேட்டேன். மடங்கின வாக்கிலேயே கிடந்தால் முட்டியின் பின்பக்கத் தசைகளும் சவ்வுகளும் அப்படியே இறுகிவிடும். அப்புறம் நிற்கும்போதுகூடத் தொடைத் தசைக்கு ஓய்வு கிடையாது. நடையில் நொண்டல் வரும், இடுப்பும் சேர்ந்து வலிக்கும்.

ஜூன் 5, வியாழன்

படுத்தபடியே பாதத்தை மேலும் கீழும் ஆட்டும் பயிற்சி. கெண்டைக்காலில் ரத்தம் உறையாமல் இருக்க இது. கெண்டைக்கால் புதிதாக வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இதை வீட்டில் எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

ஜூன் 9, திங்கள்

முட்டியால் மெத்தையை அமுக்கி ஐந்து எண்ணுவது இன்றைய பாடம். அம்மாவின் முட்டிக்கு மேலே, தொடையில் என் கையை வைக்கச் சொன்னார் பிசியோதெரபி பெண். முதலில் தசை கொழகொழவென்று கிடந்தது. அம்மா முகமெல்லாம் சுருங்க முயல்கிறார், தொடை அசையவே இல்லை. முட்டி வீங்கியிருந்தால் அந்தத் தசைக்குப் போகும் கட்டளையை உடம்பே குறைத்துவிடுமாம். "ஆச்சி சோம்பேறித்தனம் பண்ணல, தசை இன்னும் முழிக்கல" என்றார். இன்னும் சில முறை அமுக்கியதும் என் விரலுக்கடியில் அது சட்டென்று இறுகியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஜூன் 14, சனி

பிசியோதெரபி பெண் கோணமானி வைத்து முட்டியை அளந்தார். மடக்குவது 85 டிகிரி. அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். நீட்டுவதில் 8 டிகிரி பாக்கி. அந்த எட்டைத்தான் அந்தப் பெண் நோட்டில் வட்டம் போட்டுக்கொண்டார். டாக்டர் கொடுத்த வலி மாத்திரையை அரை மணி நேரம் முன்பே போட்டுக்கொண்டால் பயிற்சி சுலபமாகப் போகிறது. முடிந்ததும் துணி சுற்றிய ஐஸ், கால் மணி நேரம்.

ஜூன் 22, ஞாயிறு

வாக்கர் போய்க் கைத்தடி வந்துவிட்டது. வலிக்கிற பக்கம்தானே பிடிக்கணும் என்று எதிர்வீட்டு மாமா வாதாடினார். இல்லை, இடது கையில்தான். வலது கால் ஊன்றும்போது தடியும் கூடவே ஊன்றினால் பாரம் இரண்டாகப் பிரியும்.

படி ஏறும்போது நல்ல கால் முன்னால். இறங்கும்போது ஆபரேஷன் செய்த கால் முன்னால். அம்மா படிக்குப் படி வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே இறங்கினார். ஒரு கை எப்போதும் கைப்பிடியில்.

ஜூலை 8, செவ்வாய்

நீட்டுவதில் 2 டிகிரிதான் பாக்கி. மடக்குவது 105, நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்துவிட்டார். கோலம் போடத் தரையில் உட்காரலாமா என்று கேட்கிறார். அதை டாக்டரிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். சாயங்காலமானால் இன்னும் வீக்கம் வருகிறது, சில மாதம் இருக்குமாம். குதிகால் துண்டு மட்டும் தொடர்கிறது. சனிக்கிழமை தெருமுனைப் பிள்ளையார் கோயில்வரை நடக்கலாம் என்று அனுமதி கிடைத்திருக்கிறது.