பெரியம்மா கொடுக்கும் சுதி

பாம்பன் பக்கம் ஒரு கடற்கரை ஊரில், கத்தோலிக்கக் கோயில் பாடகர் குழுவுக்குப் பன்னிரண்டு ஆண்டுகளாகக் கீபோர்டு வாசிக்கிறேன். பயிற்சி வியாழக்கிழமை மாலைதான். விசைப்படகுகள் திங்கள், புதன், சனிதான் கடலுக்குப் போகும். புதன் போனவர்கள் மறுநாள் காலை மீனை இறக்கி, தூங்கி எழுந்து வர மாலையாகிவிடும். சனிக்கிழமை போன படகு திரும்பப் பிந்தினால், ஞாயிறு பூசையில் ஆண் குரல் இரண்டோ மூன்றோதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாளும் குழுவில் நிற்க இடம் இருக்காது. வீட்டில் வருமானம் இல்லாததால் வந்த நிறைவு அது. என்னால் அதை முழுமனதோடு ரசிக்க முடிந்ததில்லை.

முதல் வருடம் பெண்கள் குரலுக்கு எடுப்பாக இருக்கட்டும் என்று எல்லாப் பாட்டையும் ஐந்து கட்டையில், உயர்ந்த சுதியில், வைத்தேன். குழு அருமையாகப் பாடியது. கோயிலில் வேறு யாரும் வாய் திறக்கவில்லை. பூசை முடிந்ததும் குழுவில் மூத்த பெரியம்மா என்னிடம் வந்தார். "தம்பி, நாம பாடுறதக் கேக்கவா சனம் வருது? அவங்களும் பாடணும்ல?"

பூசை லத்தீனில் நடந்ததைச் சிறுமியாகப் பார்த்தவர் அவர். கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் தாய்மொழிக்கு வழி திறந்த பிறகு, தமிழ்ப் பூசைக்கு முதன்முதலாகப் பாடியவர்களில் ஒருவர். அடுத்த வாரமே சுதியை இறக்கினேன்.

அவர் சொன்னது முழுதாகப் புரிந்தது பெரிய வெள்ளியன்றுதான். பெரிய வியாழன் இரவு 'உன்னதங்களிலே' என்ற புகழ்ப்பாட்டு முடிந்ததும் மணியும் கருவிகளும் ஓய்ந்துவிடும். ஈஸ்டருக்கு முந்தின பாஸ்கா இரவில் அதே பாட்டில்தான் மறுபடி ஒலிக்கும். இடைப்பட்ட வெள்ளியன்று கீபோர்டு மூடியிருக்க, நான் வெறுங்கையோடு நிற்பேன். சிலுவையை முத்தமிட வரிசை வாசலைத் தாண்டி நிற்கும். அது முடியும்வரை பாட்டு நிற்கக் கூடாது. பெரியம்மா கண்ணை மூடி மெல்ல முனகுவார். அதுதான் சுதி. நான் வைப்பதைவிட எப்போதும் தாழ்வாகவே இருக்கும்.

இந்த வருடம் அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. விசைப்படகுக்குப் போகும் ஒரு தம்பியைப் பக்கத்தில் இழுத்து, "நீ எடு" என்றார். அவன் தயங்கி எடுத்தான். பெரியம்மா தலையசைத்தார். இரண்டாவது அடியிலேயே வாசலில் நின்ற வரிசை சேர்ந்துகொண்டது.