மனநலத் தாளில் அரியர் வைத்து எழுதிய அனுபவம்

பி.எஸ்சி. நர்சிங் மூன்றாம் ஆண்டு படிக்கிற தங்கச்சிகளுக்கும் தம்பிகளுக்கும் இதை எழுதுகிறேன். எனக்கு அந்த வருஷம் மற்ற தாள்கள் எல்லாம் கரையேறிவிட்டன. மனநலச் செவிலியம் மட்டும் போய்விட்டது. அந்தத் தாளில் வந்த பெரிய கேள்வி, "மனநலத்தைத் தீர்மானிக்கும் காரணிகளை விளக்குக." முதல் அலகிலேயே இருக்கிற பாடம். எல்லாரும் ஒரே ராத்திரியில் மனப்பாடம் பண்ணிவிட்டுப் போகிற பாடம்.

நானும் மனப்பாடம்தான் பண்ணியிருந்தேன். மரபு, மூளையின் ரசாயனம், குழந்தைப் பருவம், குடும்பம், வறுமை, கலாச்சாரம், ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. ஒன்றரைப் பக்கத்தில் சரக்கு தீர்ந்துவிட்டது. அதற்கு முந்தைய மாதிரித் தேர்விலும் இதையேதான் எழுதியிருந்தேன். திருத்திய மேடம் ஓரத்தில் சிவப்பு மையில், "இதில் மனுஷன் எங்கே?" என்று எழுதியிருந்தார். அன்றைக்கு எனக்கு அது புரியவில்லை. மார்க் குறைத்துவிட்டார்களே என்றுதான் வருத்தப்பட்டேன்.

எனக்கு ஊர் ராமேஸ்வரம் தீவில் இருக்கிற தங்கச்சிமடம். அப்பா விசைப்படகில் பங்குக்குப் போகிறவர், சொந்தப் படகு கிடையாது. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த இரண்டு மாதமும் வியாபாரியிடம் முன்பணம் வாங்கித்தான் அடுப்பு எரியும். தடை முடிந்து கடலுக்குப் போன மூன்றாவது வாரம், எல்லை தாண்டி வந்ததாகச் சொல்லி அப்பா போன படகை இலங்கைக் கடற்படைக்காரர்கள் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். படகில் இருந்த எல்லாரும் அக்கரையில் சிறையில். எனக்குப் பல்கலைக்கழகத் தேர்வு அடுத்த மாதம். நான் மதுரையில் ஹாஸ்டலில் இருந்தேன்.

இந்த இடத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், பாடமே இங்கேதான் இருக்கிறது. ஒரே அடி, இரண்டு பேர் மேல் விழுந்தது. அம்மாவுக்கு விழுந்த அடி என்னுடையதைவிடப் பெரியது. புருஷன் சிறையில், கடன் தலைமேல், வீட்டில் படிக்கிற தம்பி. ஆனால் அம்மா உடைந்துபோகவில்லை. நான்தான் உடைந்துபோனேன். ஏன் என்று எனக்கு வெகுநாள் விளங்கவில்லை.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் மணலில் வலையை விரித்து, அதன்மேல் கருவாடு காயப்போடுவார்கள். மத்தியானம் மூன்று மணி வாக்கில் ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட வேண்டும். அம்மாவும் பக்கத்து வீட்டுச் சித்தியும் ஆளுக்கொரு முனையில் குத்தவைத்து உட்கார்ந்து, காக்காயை விரட்டிக்கொண்டே திருப்புவார்கள். அந்த ஒரு மணி நேரம் வாய் ஓயாது. கோர்ட்டில் என்ன சொன்னார்கள், வக்கீல் எப்போது போகிறார், ராத்திரி கனவில் என்ன வந்தது, எல்லாம் பேசுவார்கள். சில நாள் அம்மா அழுவார். சித்தி, "அழாதே" என்று சொல்ல மாட்டார். கருவாட்டைத் திருப்பிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பார். சித்தி வீட்டுக்காரரும் முன்பு ஒரு தடவை அப்படிப் போய் வந்தவர். அப்புறம் இரண்டு பேரும் கையைத் தட்டிவிட்டு எழுந்து அவரவர் அடுப்படிக்குப் போய்விடுவார்கள்.

ஹாஸ்டலில் எனக்கு அப்படி யாரும் இல்லை. ஒன்பது மணிக்குப் போனை வாங்கி வைத்துவிடுவார்கள். கூடப் படிக்கிறவர்களிடம் சொன்னால் பரிதாபமாகப் பார்ப்பார்களோ என்று வாயைத் திறக்கவில்லை. ராத்திரி மூன்று மணி நேரம் தூங்கினால் பெரிது. ஒரே பக்கத்தை நாலு தடவை படித்தாலும் தலையில் ஏறாது. சோற்றைப் பார்த்தால் குமட்டும். இதெல்லாம் மனச்சோர்வின் அறிகுறி என்று அதே புத்தகத்தில் இன்னொரு அலகில் இருக்கிறது. அதையும் படித்துக்கொண்டுதான் இருந்தேன். எனக்குத்தான் அது வந்திருக்கிறது என்று தோன்றவே இல்லை. படிக்கத் தெரியாத சோம்பேறி ஆகிவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

ரிசல்ட் வந்த பிறகு ஒரு தோழி கையைப் பிடித்து அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போனாள். அந்த டாக்டர் முதலில் ரத்தம் எடுக்கச் சொன்னார். ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்க்க வேண்டும் என்றார். எனக்கு ரத்தசோகை நன்றாகவே இருந்தது, வருஷக்கணக்காக இருந்திருக்கும். அப்புறம் வீட்டைப் பற்றி, தூக்கத்தைப் பற்றி, கடனைப் பற்றிக் கேட்டார். கடைசியில், "மனசுவிட்டுப் பேச யார் இருக்கா?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. மாத்திரை வேலை செய்ய ஆரம்பிக்க இரண்டு மூன்று வாரம் ஆகும், அதுவரை பலன் இல்லை என்று நிறுத்திவிடக் கூடாது, நன்றானாலும் நானாக நிறுத்தக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட்டார். (மனச்சோர்வு மாத்திரை பற்றிய சிறு வினாவில் எழுத வேண்டிய செவிலியர் அறிவுரையும் இதுதான். குறித்துக்கொள்ளுங்கள்.)

அன்றைக்குத்தான் மேடம் எழுதிய சிவப்பு வரி எனக்குப் புரிந்தது.

காரணிகள் தனித்தனியாக வரிசையில் வந்து நிற்பதில்லை. ஒன்றின்மேல் ஒன்று ஏறி உட்காருகின்றன. எனக்கு ரத்தசோகை உடம்பில் முன்னமே இருந்தது. முன்பணக் கடன் இரண்டு மாதமாக அழுத்திக்கொண்டிருந்தது. அப்பா பிடிபட்டது தள்ளிவிட்டது. தூக்கம் கெட்டது அதை நீடிக்க வைத்தது. காக்கக்கூடிய ஒன்று, அதாவது பேச ஓர் ஆள், என்னிடம் இல்லை, அம்மாவிடம் இருந்தது. ஜார்ஜ் எங்கல் என்ற அமெரிக்க மருத்துவர் 1977-ல் முன்வைத்த உயிர்-உளவியல்-சமூக மாதிரி சொல்வதும் இந்தச் சேர்மானத்தைத்தான். நோயை உடம்பில் மட்டும் தேடாதே, மனமும் சமூகமும் அதில் கலந்து கிடக்கின்றன என்றார் அவர்.

அரியருக்குப் படிக்கும்போது இன்னொரு ஆய்வு கண்ணில் பட்டது. லண்டனில் கேம்பர்வெல் பகுதிப் பெண்களிடம் ஜார்ஜ் பிரவுன், டிரில் ஹாரிஸ் இருவரும் செய்து 1978-ல் வெளியிட்டது. பெரிய இழப்பு வந்த எல்லாப் பெண்களுக்கும் மனச்சோர்வு வரவில்லை. யாரை அது எளிதாகச் சாய்த்தது என்று பார்த்தார்கள். பதினோரு வயதுக்குள் தாயை இழந்தவர்கள், வீட்டில் பதினாலு வயதுக்குக் கீழே மூன்று அல்லது அதற்கு மேல் பிள்ளைகள் உள்ளவர்கள், வெளியில் வேலை இல்லாதவர்கள், நெருங்கி நம்பிப் பேச ஓர் ஆள் இல்லாதவர்கள். படித்ததும் எனக்குக் கருவாடு காய்கிற மணல்தான் கண்முன் வந்தது. அம்மாவுக்கு அங்கே கையில் ஒரு வேலையும் இருந்தது, காது கொடுக்க ஓர் ஆளும் இருந்தது.

இனி, எப்படிப் படிப்பது என்று சொல்கிறேன். பட்டியலை மனப்பாடம் பண்ணாதீர்கள். உங்களுக்குத் தெரிந்த ஒருவரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பெயர் எழுத வேண்டாம். அவரை வைத்து நாலு கேள்வி கேளுங்கள். முன்னமே இருந்தது என்ன, தூண்டிவிட்டது என்ன, நீடிக்க வைப்பது என்ன, காப்பாற்றி வைத்திருப்பது என்ன. புத்தகத்தில் உள்ள ஒவ்வொரு காரணியும் இந்த நாலில் ஏதாவது ஒன்றில் வந்து உட்கார்ந்துவிடும். ஒரே காரணி ஒருவருக்குத் தூண்டுதலாகவும் இன்னொருவருக்கு நீடிக்க வைப்பதாகவும் இருக்கும். குடி அப்படித்தான். எங்கள் பக்கம் பல ஆண்கள் தூக்கம் வராமல்தான் குடிக்கத் தொடங்குகிறார்கள், அப்புறம் குடியே தூக்கத்தைக் கெடுக்கிறது. வறுமையும் அப்படியே. வறுமை நோயைக் கொண்டுவரும், நோய் வந்தால் வேலை போய் வறுமை இன்னும் கூடும். இந்த இருவழிப் போக்கை ஒரு வரியில் எழுதிக் காட்டினாலே நீங்கள் விளங்கிப் படித்தது தெரியும்.

மரபு பற்றி எழுதும்போது கவனமாக இருங்கள். மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) பொதுவாக நூற்றில் ஒருவருக்கு வரக்கூடியது, பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு ஏறத்தாழ நூற்றில் பத்து. அதாவது தொண்ணூறு பிள்ளைகளுக்கு வருவதில்லை. ஒரே கரு இரண்டாகப் பிரிந்து பிறந்த இரட்டையரிலேயே ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கு ஏறக்குறைய பாதி வாய்ப்புதான். மரபு வாசலைத் திறந்து வைக்கிறது, அவ்வளவே. "அவங்க குடும்பத்துலயே இருக்கு" என்று சொல்லிப் பெண் எடுக்க மறுக்கிற ஊரில் பிறந்தவள் நான். இந்தக் கணக்கை விடைத்தாளில் மட்டும் அல்ல, வீட்டிலும் சொல்லுங்கள்.

வரையறைக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்வதை எழுதுங்கள்: தன் திறமையை அறிந்து, வாழ்க்கையின் வழக்கமான நெருக்கடிகளைச் சமாளித்து, பயனுள்ளபடி உழைத்து, தன் சமூகத்துக்குத் தன் பங்கைச் செய்ய முடிகிற நலமான நிலை. மனநலம் என்றால் நோய் இல்லாமை மட்டும் அல்ல என்று அதை ஒட்டியே எழுதிவிடுங்கள். எண் கேட்டால் 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பு போதும்: 18 வயதைத் தாண்டியவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு அப்போது ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருந்தது. அதே கணக்கெடுப்பில் பெரும்பாலான கோளாறுகளுக்குச் சிகிச்சை கிடைக்காதவர்களே அதிகம். ஆங்கிலத்தில்தான் எழுதப் போகிறீர்கள் என்றாலும் யோசிப்பது தமிழில் இருக்கட்டும். எனக்கு இரண்டாம் தடவை அதுதான் கைகொடுத்தது.

சிகிச்சை எட்டாமல் போவதும் ஒரு காரணிதான். ராமநாதபுரம் மாவட்டத்துப் பிள்ளைகள் இதைத் தனியாகவே படிக்க வேண்டும். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில், குணமாகும் என்று நம்பி அங்குள்ள தர்காவுக்குக் கூட்டிவரப்பட்ட மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியாமல் போனது. 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது. இன்றைக்கு 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 95-ஆம் பிரிவு சங்கிலியில் கட்டுவதை முற்றாகத் தடை செய்கிறது. சட்டம் பற்றிய கேள்வியில் இதையும், தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்னும் 115-ஆம் பிரிவையும் எழுதாமல் விடாதீர்கள்.

ஆனால் அந்த ஏர்வாடி தர்காவுக்குப் பிள்ளையைக் கூட்டிவருகிற தாயை அறியாதவள் என்று எழுதிவிடாதீர்கள். நான் அங்கே போய்ப் பார்த்திருக்கிறேன். மரத்தடியில் பாய் விரித்து, அடுத்த பாயில் இருக்கிற இன்னொரு தாயிடம் பேசிக்கொண்டிருப்பார்கள். சொந்த ஊரில் ஒளித்து வைத்த கதையை அங்கே வெளிப்படையாகச் சொல்வார்கள். சாதி மதம் பார்க்காமல் ஒருவர் சோற்றை ஒருவர் பகிர்ந்துகொள்வார்கள். அது காக்கும் காரணி. மாத்திரை அதோடு சேர வேண்டும், அதைப் பிடுங்கிவிட்டுக் கொடுக்கக் கூடாது. துவா என்கிற பிரார்த்தனையும் நடக்கட்டும், மருந்தும் நடக்கட்டும் என்றுதான் அங்கே வருகிறவர்களுக்கு அரசு தரப்பிலும் சிகிச்சை கொண்டுவந்தார்கள். அது சரியான வழி என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

உங்கள் சொந்தத் தூக்கத்தைப் பற்றி ஒன்று. படித்தது நினைவில் தங்குவது தூக்கத்தில்தான். தேர்வுக்கு முந்தைய ராத்திரி விழித்திருந்து இருபது பக்கம் கூடுதலாகப் படிப்பதைவிட ஆறு மணி நேரம் தூங்குவது மேல். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமோ சாப்பாடோ சரியில்லை, எதிலும் பிடிப்பு இல்லை என்றால் சோம்பேறித்தனம் என்று நினைக்காதீர்கள். வாழ்ந்து என்ன என்ற நினைப்பு ஒரு தடவை வந்தாலும் அன்றைக்கே பேசிவிடுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண், அதாவது அரசின் மனநல உதவி எண், இலவசம், நாள் முழுக்க எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். 2022 அக்டோபர் 10-லிருந்து இருக்கிறது. நான் ஹாஸ்டல் மாடிப்படியில் உட்கார்ந்து இரண்டு தடவை பேசியிருக்கிறேன்.

அப்பா 43 நாள் கழித்து வந்தார். படகு வரவில்லை. நான் அரியரில் பாஸானேன். கேள்வி வேறு மாதிரி வந்தது, ஆனால் அதே நாலு கேள்வியை வைத்துத்தான் எழுதினேன். ஐந்து பக்கம் வந்தது.

இப்போது மண்டபம் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை. கேஸ் எழுதும்போது ரத்த அழுத்தம், எடை எல்லாம் எழுதி முடித்த பிறகு, அந்த டாக்டர் என்னிடம் கேட்டதை நானும் கேட்கிறேன். போன வாரம் கடல்பாசி எடுக்கப் போகிற ஓர் அக்கா வந்தார். தலைவலி, தூக்கம் இல்லை என்றார். விரல்களில் துணி சுற்றிச் சுற்றித் தடித்துப்போயிருந்தது. "மனசுவிட்டுப் பேச யாருக்கா இருக்காக?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருந்தாக. ஒரு பிள்ள. ரெண்டு பேரும் ஒன்னாத்தான் முங்குவோம். போன வருஷம் குடும்பத்தோட திருப்பூருக்குப் போயிட்டாக."

அதை அப்படியே சீட்டில் எழுதினேன். வியாழக்கிழமை மறுபடி வரச் சொல்லியிருக்கிறேன்.