நகைக் கடன், பர்சனல் லோன், நடுவே ஒரு மாடி வீடு

அப்பாவின் சிகிச்சைக்காக வாங்கிய கடன், அவர் போன பிறகும் மூன்று இடங்களில் நின்றது. கிரெடிட் கார்டில் 1,60,000 ரூபாய். பர்சனல் லோன் பாக்கி 3,80,000. அம்மாவின் வளையல்களை வைத்து எடுத்த நகைக் கடன் 2 லட்சம். என் சம்பளம் 46,000. மதுரையில் எங்களுக்கு இருப்பது அம்மா பெயரில் உள்ள ஒரு தரைத்தள வீடு மட்டும்தான். அதன் மேல் மாடி எடுத்து வாடகைக்கு விடலாம் என்று நான் சொன்னபோது, இருக்கிற கடன் போதாதா என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். நியாயமான கேள்வி. எந்தக் கடனை முதலில் தொடுவது, எதைக் கொஞ்ச நாள் விட்டுவைப்பது என்ற வரிசை பிடிபட்ட பிறகுதான் எனக்கே தைரியம் வந்தது.

முதலில் கார்டு. மாதம் 3.5 சதவீத வட்டி, அதாவது 5,600 ரூபாய் வட்டிக்கே போய்விடும். குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டிருந்தால் அசல் அசையவே அசையாது. பீரோவில் இருந்த என் ஆரத்தையும் வங்கியில் 9.5 சதவீத வட்டிக்கு வைத்து, கார்டை மொத்தமாக அடைத்தேன். அதே 1,60,000-க்கு இப்போது மாதம் 1,270 ரூபாய் போல வட்டி. நகையை வைப்பது நம் வீடுகளில் பெரிய மனக்கஷ்டம். அம்மா இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. கணக்கை நோட்டில் எழுதிக் காட்டினேன். "சரிம்மா, மீட்டுக் கொண்டு வந்துரணும்" என்றார். நகைக் கடனில் கையில் மிஞ்சும் ஆயிரம், இரண்டாயிரத்தைக்கூடக் கட்டி அசலைக் குறைக்க முடிந்தது பெரிய உதவி.

பர்சனல் லோன் 14 சதவீதம், மாதத் தவணை 11,400. முன்கூட்டி அடைத்தால் பாக்கியில் 4 சதவீதமும் அதன் மேல் ஜிஎஸ்டியும் கேட்டார்கள். அதனால் அதை ஓடவிட்டு, பாக்கி 90,000-க்கு இறங்கியபோது சீட்டுப் பணத்தையும் போனஸையும் போட்டு முடித்தேன். அபராதம் 4,248 ரூபாய். அதைக் கொடுத்ததற்கு வருத்தமில்லை. மாதம் 11,400 கைக்குத் திரும்பியது, வீட்டுக் கடனுக்கான தகுதியும் அதனால்தான் வந்தது. சம்பளத்தில் பாதிக்கு மேல் தவணைக்குப் போகக் கூடாது என்பதுதான் நான் போன வங்கியின் கணக்கு.

அடைத்த கடன் பல வாரம் கழித்தும், நம் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் பாக்கியாகவே நின்றது. இது நிறையப் பேருக்கு நடக்கிறது. கடன் முடிந்ததும் தடையில்லாச் சான்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு ஒரு முறை அறிக்கையை இலவசமாகவே எடுத்துப் பார்க்கலாம். தவறு இருந்தால் எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளுக்குள் சரிசெய்யாவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்பது 2024 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள ரிசர்வ் வங்கி விதி. அந்த விதியைக் குறிப்பிட்டு மின்னஞ்சல் அனுப்பினேன். சரியாகிவிட்டது.

புது ஃபிளாட் வாங்கலாமா என்றும் பார்த்தோம். 35 லட்சம் விலை. வங்கி 28 லட்சம் கொடுத்தாலும் மீதி 7 லட்சம் நம் கையிலிருந்து. போதாததற்கு முத்திரைத்தாள் செலவு, பதிவுக் கட்டணம் வேறு. 28 லட்சத்துக்கு 8.75 சதவீதத்தில் 20 வருடத் தவணை 24,700 ரூபாய். அந்த ஃபிளாட்டுக்கு வாடகை 10,000 வந்தாலே அதிகம். மாதாமாதம் 15,000 சம்பளத்திலிருந்து போகும். மாடிக்கு நிலத்தின் விலை கிடையாது. 550 சதுர அடி, சதுர அடிக்கு 2,300 ரூபாய், மொத்தம் 12,65,000. வாடகை 8,500 எதிர்பார்க்கலாம். எங்கள் நிலைமைக்கு இதுதான் சரி என்று பட்டது.

பழைய வீடு மாடியைத் தாங்குமா என்பதை எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்க வேண்டும். எங்கள் வீடு தூண் எழுப்பிக் கட்டியது. சுவரே பாரம் தாங்கும் வீடாக இருந்தால் கதையே வேறு. பொறியாளரை வைத்து ஓர் இடத்தில் அஸ்திவாரத்தைத் தோண்டிப் பார்த்துவிட்டுத்தான் வரைபட அனுமதிக்கே போனோம். வங்கிக்குத் தாய்ப்பத்திரம், 30 வருட வில்லங்கச் சான்று, பட்டா, வரைபடம், எஸ்டிமேட் எல்லாம் கொடுத்தோம். அம்மா இணைக் கடன்தாரர். 9 லட்சம், 9 சதவீதம், 15 வருடம், தவணை 9,128.

பணம் மொத்தமாக வராது. முதலில் நம் பங்கைப் போட்டுக் கட்ட வேண்டும். அப்புறம் லிண்டல் மட்டம், கான்கிரீட், பூச்சு என்று ஒவ்வொரு கட்டத்திலும் வங்கியின் பொறியாளர் வந்து பார்த்த பிறகே அடுத்த தொகை வரும். கொத்தனாரோ சனிக்கிழமையானால் சம்பளம் கேட்பார், கம்பியும் சிமெண்டும் காசுக்குத்தான். கட்டுமானத்தில் மூச்சு முட்டுவது இந்த இடைவெளியில்தான். மீட்டிருந்த வளையல்களில் இரண்டை மறுபடி வைத்துச் சமாளித்தோம். நகை முழுவதையும் விற்றுக் கடனை அடைத்திருந்தால் இந்த வழி இருந்திருக்காது.

பூச்சு வேலை நடக்கும்போதே ஒரு புரோக்கர் வந்தார். "அம்மா, ஒத்திக்கு விடுங்க. ஆறு லட்சம், மூணு வருஷம். கையில காசு கொண்டு வந்து தர்றாங்க" என்றார். கடனில் இருப்பவருக்கு அந்த வார்த்தை எப்படிக் கேட்கும் என்று சொல்லத் தேவையில்லை. நகைக் கடன் முழுவதையும் அன்றே முடித்துவிடலாம். அன்று இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். வருடத்துக்கு 1,02,000 வாடகையை விட்டுக்கொடுத்து 6 லட்சம் வாங்குகிறோம். அப்படியென்றால் 17 சதவீத வட்டி. முடித்துவிட்டு வந்த பர்சனல் லோனே 14 சதவீதம்தான். மூன்று வருடம் கழித்து ஆறு லட்சத்தை ஒரே கையாகத் திருப்பியும் தர வேண்டும். வேண்டாம் என்று சொல்லிவிட்டோம்.

மூன்று மாத அட்வான்ஸ், 25,500 மட்டும் வாங்கினோம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம் சொல்வதும் அந்த அளவுதான். எழுத்தில் ஒப்பந்தம் போட்டு வாடகை அதிகார அமைப்பில் பதிவும் செய்தோம். அட்வான்ஸைத் தனி வைப்பு நிதியில் போட்டுவிட்டோம், அது குடியிருப்பவரின் பணம். மாடிக்குத் தனி மின் இணைப்பு வாங்கியதால் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் அவர்களுக்கே கிடைக்கிறது. வீடு அம்மா பெயரில் இருப்பதால் வாடகை வருமானமும் அம்மாவுடையது. அவருக்கு வேறு வருமானம் இல்லை, வரி வராது. அதே காரணத்தால் வீட்டுக் கடன் வட்டிக்கு வரிக்கழிவை நான் கேட்க முடியாது. தெரிந்தேதான் ஒப்புக்கொண்டேன்.

வாடகையை வைத்து வீட்டுக் கடன் தவணையைக் கட்டுவதில்லை. தவணை, பர்சனல் லோனுக்குப் போய்க்கொண்டிருந்த அந்த 11,400-லிருந்து போகிறது. வீடு இரண்டு மாதம் காலியாகக் கிடந்தாலும் தவணை தவறாது. வருடத்துக்கு 11 மாத வாடகைதான் வரும் என்று வைத்துக்கொள்கிறேன். அதில் சொத்துவரிக்கும் ரிப்பேருக்கும் 12,000 ஒதுக்கி, மீதியை நகைக் கடனில் கட்டுகிறோம். வளையல்கள் வந்துவிட்டன. ஆரத்துக்கு இன்னும் 70,000 பாக்கி.