பாட்டக்கெட் ரெட் சாக்ஸ்: 33 இன்னிங்ஸ் ஆடிய அணி ஊரைவிட்டுப் போனது ஏன்?

அமெரிக்க பேஸ்பாலில் பெரிய அணிகளுக்கு வீரர்களைத் தயார்படுத்தும் மைனர் லீக் அணிகளில் ஒன்றான பாட்டக்கெட் ரெட் சாக்ஸ் என்றதும் பேஸ்பால் ரசிகர்களுக்கு நினைவுக்கு வருவது 33 இன்னிங்ஸ் ஆட்டம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

1981 ஏப்ரல் 18, சனிக்கிழமை இரவு. ரோட் ஐலண்ட் மாநிலம் பாட்டக்கெட்டில் மெக்காய் மைதானம், எதிரணி ரோசெஸ்டர் ரெட் விங்ஸ். விளக்குக் கோளாறால் ஆட்டமே தாமதமாகத்தான் ஆரம்பித்தது. பேஸ்பால் ஆட்டம் வழக்கமாக 9 இன்னிங்ஸ்தான், சமநிலை என்றால் முடிவு வரும்வரை நீளும். 9 இன்னிங்ஸ் முடிவில் 1-1. 21-வது இன்னிங்ஸில் ரோசெஸ்டர் ஒரு ரன் எடுத்தது. பாட்டக்கெட் வீரர் வேட் பாக்ஸ் அடித்த டபுளில் (இரண்டாம் பேஸ்வரை ஓட வைக்கும் அடி) அந்த அணியும் ஒன்று எடுத்தது. குறிப்பிட்ட நேரத்துக்குப் பிறகு புது இன்னிங்ஸ் தொடங்கக் கூடாது என்று லீகில் விதி இருந்தது. அந்த வருடம் அம்பயர்களுக்குக் கொடுத்த கையேட்டில் அது விடுபட்டுவிட்டது, ஆட்டத்தை நிறுத்த ஆளில்லை. வீரர்கள் உடைந்த மட்டைகளை எரித்துக் குளிர்காய்ந்தார்கள். கடைசியில் லீக் தலைவரைத் தொலைபேசியில் பிடித்து, 32 இன்னிங்ஸ் முடிந்த நிலையில் அதிகாலை 4:07-க்கு நிறுத்தினார்கள். அப்போது மைதானத்தில் இருந்த ரசிகர்கள் 19 பேர்.

ஜூன் 23 அன்று ஆட்டம் தொடர்ந்தது. 18 நிமிடங்கள்தான். 33-வது இன்னிங்ஸில் ஒருவர்கூட அவுட்டாகாமல் மூன்று பேஸிலும் பாட்டக்கெட் வீரர்கள் நின்றிருக்க, அந்த அணியின் டேவ் கோஸா அடித்த சிங்கிளில் (முதல் பேஸ்வரை ஓட வைக்கும் அடி) பாட்டக்கெட் 3-2 என்று வென்றது. மொத்தம் 8 மணி 25 நிமிடம். எதிரெதிர் அணிகளில் மூன்றாம் பேஸில் நின்ற பாக்ஸும் ரோசெஸ்டரின் கால் ரிப்கனும் பின்னாளில் தலைசிறந்த வீரர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போனார்கள்.

ஆனால் இந்த அணியைக் காப்பாற்றியது அந்த ஆட்டமல்ல, பென் மாண்டர். 1970-ல் டபுள்-ஏ, 1973-ல் மைனர் லீகின் மேல்படியான டிரிபிள்-ஏ என்று வளர்ந்த அணி, நான்கே ஆண்டுகளில் திவாலாகி நின்றது. ஜவுளித் தொழிலிலிருந்து ஓய்வு பெற்றிருந்த மாண்டர் 1977-ல் வாங்கினார். மைனர் லீகில் வீரர்களின் சம்பளத்தைத் தாய் அணி, இங்கே பாஸ்டன் ரெட் சாக்ஸ், கொடுத்துவிடும். உள்ளூர் உரிமையாளர் பிழைக்க வேண்டியது டிக்கெட், தின்பண்டம், விளம்பரம் இவற்றை நம்பித்தான். மாண்டர் இடத்தைச் சுத்தமாக்கி, டிக்கெட் விலையை ஏற விடாமல், குடும்பங்களை வரவைத்தார். 2005-ல் வந்தவர்கள் 6,88,421 பேர்.

மெக்காயில் வீரர்கள் உட்காரும் டக்அவுட் பார்வையாளர் இருக்கைகளுக்கு அடியில், ரசிகர்கள் குனிந்தாலும் கை எட்டாத ஆழத்தில் இருந்தது. அதனால் கையெழுத்து வாங்க, காலியான பால் கேனின் பக்கவாட்டை வெட்டி, பந்தும் பேனாவும் வைத்து, கயிற்றில் கட்டி வீரர் முன்னால் இறக்குவார்கள். பேனா பால்பாயிண்டாகத்தான் இருக்க வேண்டும். மார்க்கர் மை பந்தின் தோலில் ஊறிப் பரவி, கையெழுத்து சில வருடங்களில் மங்கிவிடும்.

2010-ல் மாண்டர் காலமானார். 2015-ல் பாஸ்டன் ரெட் சாக்ஸின் தலைவராக இருந்த லாரி லுக்கினோவின் குழு அணியை வாங்கியதும் பேச்சு முழுக்க மைதானத்தைப் பற்றியே ஆனது. மெக்காய் 1942-ல் திறந்தது. செப்பனிடும் செலவு பெரிது. மாநிலத் தலைநகர் பிராவிடன்ஸின் ஆற்றங்கரையில் புது மைதானம் கட்டும் திட்டம் கைவிடப்பட்டது. பிறகு பாட்டக்கெட்டிலேயே 8.3 கோடி டாலரில் புது மைதானம்: அணி 4.5 கோடி, மாநிலம் 2.3 கோடி, நகரம் 1.5 கோடி. 2018-ல் சட்டமன்றம் நிறைவேற்றிய வடிவில், மைதானத்துக்காக வெளியிடும் கடன் பத்திரங்களுக்கு மாநில உத்தரவாதம் இல்லை. உத்தரவாதம் போனால் வட்டி ஏறும், செலவு கூடும். அந்த ஆகஸ்ட் 17 அன்று மாசசூசெட்ஸின் வூஸ்டருக்குப் போவதாக அணி அறிவித்தது. வூஸ்டரும் பாஸ்டனிலிருந்து பாட்டக்கெட் அளவு தூரம்தான். தாய் அணிக்கு அழைக்கப்படும் வீரர் ஒரு மணி நேரத்தில் அதன் மைதானமான ஃபென்வே பார்க் போய்ச் சேரலாம். தாய் அணிக்கு இடமாற்றத்தால் எந்த நஷ்டமும் இல்லை.

கூட்டம் குறைந்ததால்தான் போனார்கள் என்பது பாதி உண்மைகூட இல்லை. கூட்டம் குறைந்தது நிஜம். முடிவைத் தீர்மானித்தது கடனை யார் தாங்குவது என்ற கேள்வி. பாட்டக்கெட்டுக்கு விடைபெறும் சீசன் ஒன்றும் கிடைக்கவில்லை. 2020 சீசனையே கோவிட் ரத்து செய்தது. 2021-ல் அணி வூஸ்டரில் ஆடத் தொடங்கியது. மெக்காய் இருந்த இடத்தில் உயர்நிலைப் பள்ளி கட்ட 2022-ல் வாக்காளர்கள் ஒப்புதல் கொடுத்தார்கள்.