அதிகையில் தெரிந்த சுண்டைக்காய்

தொப்புளில் வலி என்றால் யாரும் மதிப்பதில்லை. நெஞ்சுவலி என்று சொல்லிப் பாருங்கள், வீடே எழுந்து நிற்கும். தொப்புள் என்றால் "ராத்திரி என்ன சாப்பிட்டீங்க?" என்ற ஒரு கேள்வியோடு சரி.

எனக்கு ஒன்றரை வருஷம் அந்த வலி இருந்தது. தினமும் வராது. பத்து நாள் பேச்சே இருக்காது. திடீரென்று ஒரு மத்தியானம் தொப்புளுக்குள் யாரோ விரலை விட்டுத் திருகுவது போல வரும். அரை மணி நேரம் இருக்கும், போய்விடும். போனபிறகு தேடினால் தடயமே இருக்காது. அழுத்திப் பார்த்தால்கூட ஒன்றும் தெரியாது. நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார். முப்பது வருஷமாகப் பிள்ளைகளுக்கு உவமையும் உருவகமும் சொல்லிக்கொடுப்பவன். என் வலி எப்படி இருக்கிறது என்று மருத்துவர் கேட்டபோது மட்டும் "ஒரு மாதிரி வலிக்குது சார்" என்பதைத் தாண்டி எனக்கு வாய் வரவில்லை.

வாயுவுக்கு மாத்திரை தந்தார்கள். பூச்சி மாத்திரை தந்தார்கள். படுக்க வைத்து ஸ்கேன் எடுத்தார்கள், சுத்தமாக இருக்கிறது என்றார்கள். வாய் வழியாகக் குழாய் விட்டு இரைப்பையையும் பார்த்தாயிற்று. லேசான புண், அவ்வளவுதான். வீட்டு வைத்தியம் இன்னொரு பக்கம் நடந்தது. ஓமத்தண்ணீர், சீரகத்தண்ணீர், தொப்புளில் விளக்கெண்ணெய், குழந்தைக்குப் போடுவது போலப் பெருங்காயப் பற்று. "குடல் ஏறியிருக்கும்" என்று சொல்லி ஒரு பெரியவர் எண்ணெய் தடவி வயிற்றைப் பிசைந்துவிட்டார். பிசைந்த அன்று சுகமாக இருந்தது. மறுநாள் இரட்டிப்பாக வலித்தது.

பண்ருட்டியில் இருக்கும் என் அக்காவிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. எப்படியோ தெரிந்துகொண்டு போன் செய்தாள்.

"வயித்து வலின்னு ஒன்றரை வருஷமா அலையறியாமே. எந்த ஊர்ல அக்கா இருக்கான்னு நெனப்பிருக்காடா உனக்கு? அப்பருக்கு வயித்து வலி தீர்த்த வீரட்டானேஸ்வரர் கோயிலுக்குப் போகாம எங்கெங்கேயோ போற."

"அக்கா, பாடம் நடத்துறவனே நான்தான். எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சு என்ன? வந்தியா?"

வைகாசி மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை விழுப்புரத்திலிருந்து ரயில் ஏறினேன். வழியில் திருத்துறையூர். சுந்தரர் இறைவனிடம் தவநெறி வேண்டிப் பாடிய ஊர். அங்கிருந்து புறப்பட்டு, அக்கா சொன்ன கோயில் இருக்கும் அதிகை எல்லைக்கு வந்தவர் ஊருக்குள் நுழையவில்லை. நாவுக்கரசர் கையால் உழவாரப் பணி, அதாவது புல் செதுக்கிக் கோயிலைச் சுத்தம் செய்யும் பணி, செய்த மண்ணைக் காலால் மிதிப்பதா என்று தயங்கி, பக்கத்தில் சித்தவடமடத்தில் ராத்திரி தங்கிவிட்டார். தூங்கும்போது ஒரு கிழவர் வந்து அவர் தலைமேல் கால் நீட்டிக்கொண்டே இருந்தாராம். வந்தவர் சிவன் என்பது தெரிந்த கதைதானே. ஜன்னலோரம் உட்கார்ந்து அதை நினைத்துக்கொண்டு வந்தேன். மிதிக்கவே அஞ்சிய ஊருக்கு நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு போகிறேன்.

பண்ருட்டியில் இறங்கினால் பலாப்பழ வாசனை. அக்கா ஸ்டேஷனுக்கே வந்திருந்தாள். ஆட்டோவில் போகும்போதே சொல்லிவிட்டாள்: "சாமி கும்பிட்டுட்டுக் கெளம்பிடலாம்னு பாக்காத. இன்னிக்கு எங்க குழு உழவாரப் பணி. நீயும் சேர்ந்துக்கோ."

திருவதிகை கோயில் பண்ருட்டியை ஒட்டி, கடலூர் போகிற பக்கம், கெடிலத்தின் வடகரையில் இருக்கிறது. சிவன் வீரச் செயல் புரிந்த எட்டுத் தலங்களான அட்ட வீரட்டானங்களில் ஒன்று. சிவன் முப்புரம் எரித்த தலம். கோபுர வாசலின் இரண்டு பக்கமும் கரணம் என்ற நடன நிலைகளின் சிற்பங்கள், ஒவ்வொரு கரணத்துக்கும் ஒரு பெண் ஆடிக்கொண்டிருக்கிறாள். இடுப்பை அப்படி வளைக்கிறார்கள். பார்க்கும்போதே என் தொப்புள் சுருக்கென்றது. உள்ளே சரக்கொன்றை மஞ்சளாகக் கொட்டிக் கிடந்தது. அதுதான் தலமரம். கருவறையில் பதினாறு பட்டையோடு பெரிய லிங்கம். எண்ணெய் விளக்கு வெளிச்சம் பட்டைகளில் ஒன்றில் விழுந்து அடுத்ததில் இல்லாமல் இருந்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கத் தோன்றாமல் நின்றேன்.

கதையை நான் சொல்லித்தான் தெரியவேண்டும் என்பதில்லை. இருந்தாலும் அந்த இடத்தில் நிற்கும்போது வேறுவிதமாகக் கேட்டது. பக்கத்தில் திருவாமூரில் புகழனாருக்கும் மாதினியாருக்கும் பிறந்தவர் மருணீக்கியார். பின்னாளில் நாவுக்கரசர், அப்பர் என்று பெயர் பெற்றவர் இவர்தான். அப்பா அம்மா போய்விட்டார்கள். அக்கா திலகவதிக்கு நிச்சயித்திருந்த கலிப்பகையார் போரில் இறந்தார். தம்பிக்காக உயிர் தரித்திருந்தாள் அக்கா. அந்தத் தம்பி சமணம் சேர்ந்து, பாடலிபுத்திரத்தில், அதாவது இன்றைய கடலூர்த் திருப்பாதிரிப்புலியூரில், தருமசேனர் என்று பெரிய ஆளாகிவிட்டார். அப்போதுதான் சூலை என்ற கடும் வயிற்றுவலி வந்தது. மந்திரம் சொல்லிப் பார்த்தார்கள், மந்திரித்த நீர் கொடுத்தார்கள், மயிற்பீலியால் தடவினார்கள். எதற்கும் கேட்கவில்லை. கடைசியில் சமையல்காரரை அக்காவிடம் அனுப்புகிறார். நான் அங்கே வரமாட்டேன் என்று அக்கா சொல்லி அனுப்புகிறாள். சமணத் துறவிக்குரிய பாயுடையைக் கழற்றிப் போட்டு, வெள்ளை உடுத்து, யாருக்கும் தெரியாமல் ராத்திரியோடு ராத்திரியாக அதிகைக்கு வருகிறார். அக்கா ஐந்தெழுத்து ஓதித் திருநீறு கொடுக்கிறாள். விடியும் முன் கோயிலைப் பெருக்கி மெழுகப் போகும்போது தம்பியையும் கூட்டிக்கொண்டு போகிறாள். அங்கே பிறந்ததுதான் நாலாம் திருமுறையின் முதல் பதிகம்.

மயிற்பீலிக்குப் பதில் விளக்கெண்ணெய் என்று வைத்துக்கொண்டால் என் ஒன்றரை வருஷமும் அதுவேதான்.

அப்பர் சந்நிதி முன்னால் அக்காவின் குழுவில் வயதான ஒரு அம்மா கொல்லிப் பண்ணில் பாட ஆரம்பித்தார். கூற்றாயினவாறு விலக்ககிலீர். பக்தி இலக்கியம் என்று வந்தாலே வகுப்பில் நான் சொல்லும் பாட்டு. மூன்றாவது அடியில் நின்றுவிட்டேன்.

"தோற்றாதென் வயிற்றின் அகம்படியே குடரோடு துடக்கி முடக்கியிட."

எத்தனை முறை சொல்லியிருப்பேன்! தோற்றாது: வெளியே தெரியாமல். அகம்படியே: உள்ளுக்குள்ளேயே. துடக்கி: கட்டி. முடக்கி: சுருட்டி மடக்கி. வாத்தியாராகப் பதவுரை சொன்னவன், நோயாளியாக அன்றைக்குத்தான் கேட்டேன். இவர் இறைவனிடம் அழவில்லை, நோயை விவரிக்கிறார். எங்கே வலி? வயிற்றின் உட்பக்கம். வெளியே தெரிகிறதா? இல்லை. எப்படி இருக்கிறது? கட்டி முடக்குவது போல. நல்ல மருத்துவர் கேட்கிற மூன்று கேள்விக்கும் ஒரே அடியில் பதில். அடுத்த பாட்டில் "வஞ்சம் இதுவொப்பது கண்டறியேன்" என்று வேறு சொல்கிறார். இப்படி ஒரு மோசடியை நான் பார்த்ததே இல்லை என்கிறார். வந்து வந்து ஒளிந்துகொள்ளும் வலிக்கு இதைவிடப் பொருத்தமான வசவு எனக்குத் தெரியாது.

வேலை ஆரம்பித்தது. சட்டையைக் கழற்றி, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஆண்கள் எல்லாம் வெளிப் பிராகாரத்தில் புல் செதுக்கினோம். பெண்கள் கூட்டி அள்ளினார்கள். செதுக்கிய புல்லும் மண்ணுமாக ஒரு கூடை நிறைந்தது. குனிந்து, மூச்சை அடக்கி, தூக்கினேன்.

வந்தது பாருங்கள். கூடையைப் போட்டுவிட்டு அப்படியே நின்றேன். நிமிரவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. அக்கா துடைப்பத்தோடு ஓடிவந்தாள். என் முகத்தைப் பார்த்தாள், பிறகு வயிற்றைப் பார்த்தாள்.

"தொப்புளுக்கு மேல என்னடா அது? சுண்டைக்காய் மாதிரி?"

தொட்டுப் பார்த்தேன். இருந்தது. சரியாகச் சுண்டைக்காய் அளவு, தொட்டால் வலித்தது. திண்ணையில் படுக்கச் சொன்னார்கள். படுத்துக் கொஞ்ச நேரத்தில் தடவினால் காணோம். வலியும் போயிற்று. எழுந்து நின்று இருமினேன், எட்டிப் பார்த்தது.

ஒன்றரை வருஷம் தோற்றாதது அதிகையில் தோன்றிவிட்டது. இதை அற்புதம் என்பீர்களோ, சட்டை இல்லாமல் கூடை தூக்கியதன் பலன் என்பீர்களோ, அது உங்கள் இஷ்டம். அக்காவுக்கு அதில் சந்தேகமே இல்லை. எனக்கும் அந்தக் கணத்தில் இல்லை.

அடுத்த வாரம் அறுவை மருத்துவர் ஒருவரைப் பார்த்தேன். இந்த முறை "ஒரு மாதிரி" என்று சொல்லவில்லை. குனிந்து எடை தூக்கும்போது வருகிறது, மலச்சிக்கல் இருந்து முக்கினால் வருகிறது, சாக்பீஸ் தூசியில் விடாமல் இருமிய நாள்களில் வந்திருக்கிறது, படுத்தால் மறைகிறது, மறையும் முன் ஒரு சிறு கட்டி தெரிகிறது என்று வரிசையாகச் சொன்னேன். அவர் என்னைப் படுக்கவே வைக்கவில்லை. நிற்க வைத்து, தொப்புள்மேல் விரலை வைத்து, "இருமுங்க" என்றார். அவ்வளவுதான். தொப்புள் குடலிறக்கம். வயிற்றுச் சுவரில் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. அதன் வழியாகக் குடலைப் போர்த்தியிருக்கும் கொழுப்பு வெளியே வந்து மாட்டிக்கொள்கிறது, படுத்தால் உள்ளே போய்விடுகிறது. அதனால்தான் படுக்க வைத்து எடுத்த ஸ்கேனில் சிக்கவில்லை. நின்றபடி, மூச்சைப் பிடித்து முக்கச் சொல்லி எடுத்த ஸ்கேனில் தெரிந்தது.

தொப்புள் வலி என்று வருகிற எல்லோருக்கும் இதுதான் என்று நினைத்துவிடக் கூடாது என்றும் சொன்னார். சிறுகுடலிலிருந்தும் குடல்வாலிலிருந்தும் வருகிற வலி நரம்புகள் தண்டுவடத்தில் போய்ச் சேருகிற இடமும், தொப்புளைச் சுற்றிய தோலின் நரம்பு சேருகிற இடமும் ஏறத்தாழ ஒன்றாம். அதனால் உள்ளே எங்கேயோ கோளாறு என்றாலும் மூளை அதைத் தொப்புள் கணக்கில் எழுதிவிடுகிறது. குடல்வால் அழற்சி இப்படித்தான் தொப்புளில் ஆரம்பித்து, சில மணி நேரத்தில் வலது அடிவயிற்றுக்கு இறங்கும், காய்ச்சலும் வாந்தியும் சேரும். அந்த நேரத்தில் பேதிக்கு விளக்கெண்ணெய் குடிப்பதும் வயிற்றைப் பிசைவதும் ஆபத்து என்றபோது என் வீட்டம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். இரைப்பைப் புண், மலச்சிக்கல், பால் ஒத்துக்கொள்ளாமை, குடல் பூச்சி எல்லாவற்றுக்கும் அதே இடத்தில் வலி வரலாம். தொப்புள் குழியிலேயே அழுக்கு சேர்ந்து சீழ் பிடிப்பதும் உண்டு. சில பெண்களுக்கு மாதவிலக்கு நாள்களில் மட்டும் தொப்புளில் வலியும் வீக்கமும் வரும். அரிதுதான், ஆனால் வெட்கப்பட்டுச் சொல்லாமல் விடக்கூடாது. வயிற்றுத் தசைக்குள் நரம்பு சிக்கிக்கொண்டாலும் எந்த ஸ்கேனிலும் தெரியாது. ஒரே புள்ளியை விரலால் காட்ட முடியும், படுத்தபடி தலையைத் தூக்கி வயிற்றை இறுக்கினால் வலி கூடும், அந்த இடத்தில் மரத்துப்போகும் ஊசி போட்டால் அடங்கும்.

எனக்கு அவர் கண்டிப்பாகச் சொன்னது ஒன்றுதான். அந்தக் கட்டி உள்ளே போகாமல் கல்லாக நின்றுவிட்டால், நிறம் மாறினால், வாந்தி வந்து காற்றும் பிரியாமல் போனால், ராத்திரி எத்தனை மணி என்று பார்க்காமல் ஓடி வரவேண்டும். குடல் மாட்டிக்கொண்டால் ரத்த ஓட்டம் நின்றுவிடும். அதுவரை காத்திருக்க வேண்டாம் என்று வலை வைத்துத் தைத்துவிட்டார்கள்.

ஆடியில் மறுபடியும் அதிகைக்குப் போனேன். எடை தூக்கக் கூடாது, விழுந்து கும்பிடக் கூடாது என்று உத்தரவு. எல்லோரும் கூடையும் துடைப்பமுமாக நிற்க, நான் மட்டும் மாப்பிள்ளை மாதிரி சட்டையோடு நின்றேன். அக்காவுக்கு அது பொறுக்கவில்லை.

"சும்மா நிக்காத. நாங்க முடிக்கிற வரைக்கும் நீ பதிகம் பாடு. வாத்தியார்தானே."

பத்துப் பாட்டையும் பாடினேன். எனக்குக் குரல் கிடையாது, பண்ணும் நிற்காது. "தமிழோடிசை பாடல் மறந்தறியேன்" என்ற இடத்தில் புல் செதுக்கிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். அதே பாட்டில்தான் "உடலுள்ளுறு சூலை தவிர்த்தருளாய்" என்று வருகிறது. அங்கே என்னை அறியாமல் கை வயிற்றுக்குப் போயிற்று. தையல் போட்ட இடம் கொஞ்சம் அரித்ததே தவிர, வலி இல்லை.

திலகவதியார் சந்நிதியில் அக்கா திருநீறு வாங்கிவந்து என் நெற்றியில் பூசினாள். மிச்சத்தை என் உள்ளங்கையில் கொட்டினாள். சட்டைப் பொத்தானைக் கழற்றப் போனேன்.

"டேய், தழும்புல வேணாம். டாக்டர் திட்டுவார். மேல பூசிக்கோ."